நாற்பத்தொரு விசில்

பெயின்ட் கடையில் நிறம் கலப்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறு ஆளாகிவிடுவார். வாரத்தில் ஆறு நாள் அவர் இருந்த இடத்தை விட்டு நகரமாட்டார். டப்பாவின் மூடியை நெம்பித் திறப்பார், வாடிக்கையாளர் காட்டிய அட்டையைப் பார்ப்பார், சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார், மூடியைத் தட்டி இறுக்கிக் குலுக்கும் இயந்திரத்தில் மாட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மாலை கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினாரென்றால் இருபத்திரண்டு ஆட்டக்காரர்களும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான். எல்லோருக்கும் அவர் 'ரெஃப்ரி'. கடை முதலாளிகூட, "ரெஃப்ரி, அந்த வெள்ளை டப்பாவை இப்படிக் கொடுங்க" என்றுதான் சொல்வார்.

ரெஃப்ரியின் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். இது ஊருக்கே தெரியும். ஒரு ஆஃப்சைடை ரெஃப்ரி கவனிக்காமல் விட்டால், "யாராவது அவருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கப்பா" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்துவான். "வீட்டுலயே கடை இருக்கு, அப்பவும் இப்படி" என்பான் பக்கத்தில் இருப்பவன். ரெஃப்ரி சிரித்துக்கொண்டே ஓடுவார். அவர் விசிலுக்கு ஒரு மரியாதை இருந்தது. தொட்டதற்கெல்லாம் ஊதமாட்டார். ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து விசில், மிஞ்சிப்போனால் பதினெட்டு.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவருடைய இடது கால் தகராறு செய்ய ஆரம்பித்தது.

முதலில் அது ஒரு இறுக்கமாகத்தான் இருந்தது. பந்தோடு சேர்ந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இரண்டு முறை ஓடினால், இடது கெண்டைக்காலை யாரோ உள்ளங்கையால் பிடித்து அழுத்துவதுபோல இருக்கும். நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். திரும்ப ஓடினால், சொல்லி வைத்தாற்போல அதே தூரத்தில் திரும்பப் பிடிக்கும். ஷூ சரியில்லை என்று ஷூவை மாற்றினார். சதை பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தார். ஆறு மாதத்தில் அது உள்ளங்கைப் பிடியிலிருந்து இடுக்கிப் பிடியாகிவிட்டது. ஓட்டத்துக்கு மட்டும் வந்தது போய், வேகமாக நடந்தாலே வந்தது.

யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. கால் போய்விட்டது என்று தெரிந்தால் விசிலையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். கடையில் நின்றுகொண்டே செய்யும் வேலை. அங்கே ஒன்றும் தெரியாது. மனைவியோடு கடைத்தெருவுக்குப் போகும்போதுதான் சிக்கல். வலி பிடித்தவுடன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். "நீ போயிட்டே இரு, வந்துடறேன்" என்று கையசைத்துவிட்டு, "சொல்லுங்க தலைவரே, ஆமா, ஆமா" என்று வெறும் போனிடம் பேசுவார். வலி விட்டதும் போனை உள்ளே போட்டுக்கொண்டு வேகமாகப் போய்ச் சேர்ந்துகொள்வார். கால்பந்துச் சங்கத்துத் தலைவருக்கு வேறு வேலையே இல்லையா என்று மனைவி அவ்வப்போது முணுமுணுப்பார்.

மைதானத்தில் போனை எடுக்க முடியாதே. அங்கே அவருக்கு விசில்தான் கைகொடுத்தது.

கெண்டைக்கால் இறுகத் தொடங்கியதும் ஒரு ஃபவுலை ஊதுவார். ஊதிவிட்டு, தப்பு செய்ததாகச் சொல்லப்பட்ட பையனை அருகே அழைத்து, விளையாட்டில் ஒழுக்கம் எவ்வளவு முக்கியம் என்று இரண்டு நிமிடம் சொற்பொழிவு ஆற்றுவார். ஃபவுல் எதுவும் அகப்படாவிட்டால் பந்தில் காற்று குறைந்திருப்பதாகச் சந்தேகப்படுவார். பந்தும் நன்றாக இருந்தால் கோல்கீப்பரின் கையுறையைச் சோதிப்பார். ஆட்டக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "முன்னாடியெல்லாம் நல்லாத்தானே இருந்தார்" என்று பேசிக்கொண்டார்கள்.

இது அரையிறுதி ஆட்டத்தில் வந்து வெடித்தது.

பேருந்துப் பணிமனை அணியும் அச்சக அணியும் மோதின. பணிமனை அணிக்கு மேலாளராக இருந்தவர் அங்கே டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று இருபத்தைந்து வருடமாக எழுதிவருபவர். எழுதாமல் அவரால் சும்மா உட்காரவே முடியாது. அன்று மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விசிலையும் நிமிடத்தோடு குறித்துக்கொண்டே வந்தார். ஆட்டம் முடிந்தபோது கணக்கு நாற்பத்தொன்று. அதில் இரண்டு விசில், பணிமனைப் பையன் தனியாகப் பந்தோடு கோலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தபோது ஊதப்பட்டவை. ஒருமுறை அவனை நிறுத்தி ஷூ கயிற்றைக் கட்டச் சொன்னார் ரெஃப்ரி. கயிறு கட்டித்தான் இருந்தது. பணிமனை அணி ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்றது.

மறுநாளே புகார் போய்விட்டது. அச்சகத்துக்குச் சாதகமாக ஊதுகிறார், விசாரிக்க வேண்டும்.

சங்கத்தின் அலுவலகம் தலைவரின் இரும்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கோப்பைகள் அடுக்கிய ஒரு அலமாரி, ஒரு மேசை, ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. மாடிக்குப் பதினெட்டுப் படி. ரெஃப்ரி பாதியில் நின்று சுவரில் ஒட்டியிருந்த பழைய போட்டி அட்டவணையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு மேலே வந்தார். உள்ளே தலைவர், டைம்கீப்பர், அப்புறம் மருத்துவமனை அணியின் பயிற்சியாளர். இந்தப் பெண்மணி மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவர். ரத்தக்குழாய்களுக்கான ஸ்கேன் பிரிவில் இருந்தார். ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'ஸ்கேன் அக்கா'. சங்கத்தின் குழுவில் உறுப்பினர் என்பதால் விசாரணைக்கு வந்திருந்தார்.

டைம்கீப்பர் நோட்டை விரித்துவிட்டார்.

"நாலாவது நிமிஷம், ஃபவுல். அது ஃபவுல்தான், ஒத்துக்கறேன். எட்டாவது நிமிஷம், ஃபவுல். யாரும் யாரையும் தொடல. பதினொண்ணு, பந்துல காத்து இல்லையாம். பதினஞ்சு, கையுறை. தலைவரே, இருபத்தஞ்சு வருஷமா வண்டி வர்ற நேரம் போற நேரம் எழுதுறவன் நான். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது."

தலைவர் ரெஃப்ரியைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

"ஆட்டம் முரட்டுத்தனமா போச்சு, தலைவரே. அதான் கட்டுப்படுத்தினேன்," என்றார் ரெஃப்ரி. சொல்லும்போதே குரல் உள்ளே போய்விட்டது. ஒருவருக்காகவும் அவர் ஒருநாளும் ஊதியதில்லை. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? தன் மானம் அந்த நோட்டுக்குள் மாட்டிக்கொண்டு தவிப்பதாக அவருக்குத் தோன்றியது. பேசாமல் விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தார்.

ஸ்கேன் அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்து, மெதுவாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"அண்ணே, விசில் அடிச்சதெல்லாம் பந்து எங்க இருக்கும்போது?"

"அதையும் எழுதியிருக்கேன் பாருங்க. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்ததும் அடிக்கிறார். பாதிக்கு மேல அப்படித்தான்."

"ஊதின பிறகு எவ்வளவு நேரம் பேசுறார்?"

"ரெண்டு நிமிஷம். சில சமயம் ரெண்டரை. ஒரு பையன்கிட்ட அவன் அப்பா பேரு, வேலை, எல்லாம் விசாரிச்சார்."

"ரெண்டாவது பாதியில விசில் இன்னும் நெருக்கமா வருது."

"அதத்தான் நானும் சொல்றேன். நாங்க ஜெயிச்சுடுவோம்னு பயம்."

ஸ்கேன் அக்கா நோட்டை மூடிவிட்டு ரெஃப்ரியை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், எந்தக் கால்?"

"இடது," என்றார் ரெஃப்ரி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. டைம்கீப்பர் ஒருமுறை நோட்டைப் பார்த்தார், ஒருமுறை ரெஃப்ரியின் காலைப் பார்த்தார்.

"எத்தனை மாசமா?"

"ஒண்ணரை வருஷம்."

"சிகரெட்?"

"ஒரு நாளைக்குப் பத்து. பன்னிரண்டு."

"புதன்கிழமை காலையில எட்டரை மணிக்கு எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வாங்க. வீட்டுல அவங்களையும் கூட்டிட்டு வாங்க," என்ற ஸ்கேன் அக்கா, தலைவர் பக்கம் திரும்பினார். "இவர் யாருக்காகவும் ஊதல. நிக்கிறதுக்காக ஊதியிருக்கார்."

மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்ன பிறகு ரெஃப்ரிக்கு மறைக்க வழியில்லை. அன்று மாலையே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மனைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கால், வலி, நாற்பத்தொரு விசில், எல்லாம் கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அந்த போன்ல யாரு?"

"யாரும் இல்ல."

"ஒண்ணரை வருஷமா யாரும் இல்லாத போன்ல பேசினீங்களா?"

"ஆமா."

"போன வாரம் ஜவுளிக்கடை வாசல்ல நின்னு, 'அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு'ன்னு கேட்டீங்களே?"

"அது சும்மா, பேச்சு இயல்பா இருக்கட்டுமேன்னு."

மனைவிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது முகத்தில் தங்கவில்லை. உதடு துடித்தது, அழப்போகிறார் என்று ரெஃப்ரி நினைத்த நேரத்தில் அவர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "அந்த அம்மா நல்லா இருக்கணும்னு நான் வேண்டிக்கிட்டேங்க," என்றார். பிறகு எழுந்து வந்து, அவருடைய கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்தார். இடது பாதம் சில்லென்று இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. "இனிமே வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். என்கிட்டவாவது," என்றார்.

புதன்கிழமை ஸ்கேன் அறையில் படுக்கைமேல் விரித்த காகிதம் சரசரத்தது. ஸ்கேன் அக்கா அவருடைய கணுக்காலில் குளிர்ந்த பசையைத் தடவி, பேனா மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினார். வலது காலில் ரத்தம் பாயும் ஓசை பெட்டியிலிருந்து 'வுஷ், வுஷ்' என்று கணீரென்று கேட்டது. இடது காலில் அதே ஓசை, பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல மங்கலாக வந்தது. கையில் சுற்றுகிற பட்டையைக் கணுக்காலிலும் சுற்றி அழுத்தம் பார்த்தார்கள். கையில் நூற்று எழுபத்தாறு. வலது கணுக்காலில் நூற்று எழுபது. இடது கணுக்காலில் நூற்று ஆறு.

டாக்டர் குள்ளமான மனிதர், நிதானமாகப் பேசுபவர். ஒரு தாளில் தொடையை வரைந்து, நடுவில் ஒரு குழாயை வரைந்து, ஓரிடத்தில் பேனாவால் தடிமனாகத் தீட்டினார்.

"இந்த இடத்துல குழாயோட உள்சுவர்ல கொழுப்பு படிஞ்சு சுருங்கியிருக்கு. சும்மா நிக்கும்போது காலுக்குத் தேவையான ரத்தம் வந்துடும். ஓடும்போது கால் கூடக் கேக்கும், அப்ப வராது. அதான் வலி. இது ஒண்ணு. இன்னொண்ணு, உங்களுக்கு ரத்த அழுத்தம் ரொம்ப அதிகம். எத்தனை வருஷமா இருக்குன்னு தெரியல."

"எனக்குத் தலைவலிகூட வந்ததில்லையே, டாக்டர்."

"பெரும்பாலும் அப்படித்தான். அது சத்தமே போடாது. உள்ளுக்குள்ள வேலையைக் காட்டிட்டு இருக்கும். கால்ல இருக்கிறது இதயத்துக்குப் போற குழாய்லயும் இருக்கலாம், மூளைக்குப் போற குழாய்லயும் இருக்கலாம். கால் முன்கூட்டியே சொல்லிடுச்சு. அந்த விதத்துல உங்களுக்கு நல்ல நேரம்."

மனைவி கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டார். ரெஃப்ரியோ முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், அப்ப நான் வேணும்னு ஊதலைன்னு இதுல தெரியுமா?"

டாக்டருக்கு விளங்கவில்லை. ஸ்கேன் அக்கா விளக்கிச் சொன்னார். டாக்டர் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மருத்துவ அறிக்கையின் கீழே, 'இந்நிலையில் இவரால் இருநூறு மீட்டருக்கு மேல் நிற்காமல் ஓட இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரெஃப்ரி அதை மூன்று பிரதி எடுத்துக்கொண்டார். ஒன்று தலைவருக்கு, ஒன்று பணிமனைக்கு, ஒன்று வீட்டுக்கு. இப்படி ஒரு சேதியைக் கேட்டுவிட்டு இவ்வளவு சந்தோஷமாக அந்த அறையை விட்டு வெளியே போனவர் அதற்கு முன் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நோய் இருக்கிறது, சரி, நேர்மை போகவில்லை.

டாக்டர் சொன்னவை நான்கு. சிகரெட் அன்றோடு நிற்க வேண்டும். மாத்திரைகளை ஒருநாளும் விடக்கூடாது. உப்பைக் குறைக்க வேண்டும். கடைசியில் அவர் சொன்னதுதான் ரெஃப்ரிக்கு நம்பமுடியாததாக இருந்தது: நடக்க வேண்டும். வலி வரும்வரை நடப்பது, வலி நன்றாகப் பிடிக்கும்வரை இன்னும் கொஞ்சம் நடப்பது, நிற்பது, விட்டதும் மறுபடி நடப்பது. இப்படி அரை மணி நேரம்.

"வலிக்கிற காலை வெச்சுக்கிட்டா?"

"வலிக்கிற காலை வெச்சுக்கிட்டுத்தான். பெரிய குழாய் அடைச்சா, சுத்தி இருக்கிற சின்னக் குழாய்ங்க வேலைக்கு வரும். சதையும் கிடைக்கிற ரத்தத்தைச் சிக்கனமா செலவு பண்ணக் கத்துக்கும். ஆனா கேட்டாத்தான் கிடைக்கும். நடக்கிறதுதான் கேக்கிறது. மூணு மாசம் பார்ப்போம். அப்பவும் சரியா வரலைன்னா குழாய்க்குள்ள பலூன் வெச்சு விரிக்கிறதைப் பத்திப் பேசலாம்."

சிகரெட்டை விட்ட முதல் பத்து நாள் ரெஃப்ரியோடு கடையில் யாரும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. கவனம் எங்கேயோ போய், வெளிர் சந்தன நிறம் கேட்ட ஒரு வீட்டுக்காரருக்கு எதைக் கலந்தாரோ, மாம்பழச் சதை மாதிரி ஒரு நிறத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் கடைக்குள் நுழைந்தபோது ரெஃப்ரி இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். வந்தவர், "என் மனைவி நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. இன்னும் ரெண்டு டப்பா அதே மாதிரி வேணும்," என்றார். அதே மாதிரி கலக்க ரெஃப்ரிக்கு அரைநாள் பிடித்தது. அந்த அரைநாளில் சிகரெட் ஞாபகமே வரவில்லை என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார்.

நடப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் மைதானம்தான். வேறு எங்கே போவார்? முதல் நாள் சாயங்காலம் கோல் கம்பத்திலிருந்து புறப்பட்டு, எல்லைக்கோட்டை ஒட்டி நடந்தார். பாதிச் சுற்று வந்ததும் கால் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இருபது அடி போய் நின்றார். நிமிர்ந்து பார்த்தால், எதிரே கையில் நோட்டும் கடிகாரமுமாக டைம்கீப்பர்.

"மூணு நிமிஷம் பத்து செகண்ட்," என்றார் டைம்கீப்பர்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"எத்தனை நிமிஷத்துல வலி வருது, எத்தனை நிமிஷத்துல விடுதுன்னு எழுதி வைக்கணுமாம். ஸ்கேன் அக்கா சொன்னாங்க. நடக்கிறவரே எழுதினா கூட்டிக் குறைச்சு எழுதுவாரு. அதுக்குன்னு ஒரு ஆள் வேணும் இல்ல?"

மன்னிப்பு என்ற வார்த்தை டைம்கீப்பரின் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை. அதற்குப் பதிலாக வாரத்துக்கு நான்கு நாள், வேலை முடிந்ததும், சீருடையைக்கூட மாற்றாமல் வந்துவிட்டார். ரெஃப்ரி நடந்தால் அவரும் பக்கத்திலேயே நடந்தார், நின்றால் எழுதினார். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் ரெஃப்ரியின் மனைவி ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்தார். "அண்ணா, நீங்களும் குடிங்க," என்று ஒரு கோப்பையை நீட்டினார். டைம்கீப்பர் அதை வாங்கிக்கொண்டு ரெஃப்ரியை ஒரு பார்வை பார்த்தார்.

"தங்கச்சி என்னை அண்ணன்னு கூப்பிட்டுடுச்சு. இனிமே நீங்க எனக்கு மாப்பிள்ளை. நான் உங்களுக்கு மச்சான். வேற வழி இல்ல."

"புகார் கொடுத்த மச்சான்," என்றார் ரெஃப்ரி.

"அதுக்குத்தானே மச்சான்."

பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு இது நல்ல வேடிக்கை. ரெஃப்ரி நடந்து வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் எங்கிருந்தாவது ஒருவன் வாயில் விரலை வைத்துச் சீட்டி அடிப்பான். இன்னொருவன், "ரெஃப்ரி சார், பந்துல காத்து இருக்கு" என்று உரக்கச் சொல்வான். ரெஃப்ரி அவர்களுக்குச் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு, வலி விட்டதும் நடையைத் தொடர்வார். ஷூ கயிறு கட்டச் சொல்லி நிறுத்தப்பட்டானே, அந்தப் பணிமனைப் பையன் ஒருநாள் கூடவே ஒரு சுற்று நடந்தான். "நான் அடிச்சிருந்தாலும் வெளியதான் போயிருக்கும் சார், எனக்கு இடது காலால அடிக்க வராது," என்றான். ரெஃப்ரிக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

மூன்று நிமிடம் ஐந்தாயிற்று. ஐந்து ஆறாயிற்று. ஒருநாள் மைதானத்தை ஒரு முழுச் சுற்று நிற்காமல் வந்துவிட்டு, தாம் நிற்கவில்லை என்பதே தெரியாமல் இரண்டாவது சுற்றில் கால் வைத்தார். "மாப்பிள்ளை, சுத்து முடிஞ்சிடுச்சு," என்று பின்னாலிருந்து டைம்கீப்பரின் குரல் வந்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் கடிகாரத்தைக் காதில் வைத்து, அது ஓடுகிறதா என்று சோதிப்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் பார்த்தபோது கையில் ரத்த அழுத்தம் நூற்று முப்பத்திரண்டு. இடது கணுக்காலின் ஓசை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. "குழாய் மாறல. கால் மாறிடுச்சு," என்றார் டாக்டர். பலூன் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் தொண்ணூறு நிமிடம் ஓடுகிற வேலை இனி கிடையாது. ரெஃப்ரி தலையாட்டினார். தலைவரிடம் தாமே போய், லீக் ஆட்டங்களுக்கு இனி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். அன்று படியேறும்போது அவர் அட்டவணையைப் படிக்கவில்லை. இறங்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். அது காலுக்காக இல்லை.

இதற்கிடையில் ஸ்கேன் அக்கா சும்மா இருக்கவில்லை. தன்னிடம் வரும் நோயாளிகளிடமெல்லாம், "தனியா நடக்கப் பிடிக்கலைன்னா மைதானத்துக்குப் போங்க, அங்க ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டே நடப்பாங்க, நல்லா பொழுது போகும்," என்று சொல்லி அனுப்பினார். முதலில் ஒரு தையற்காரர் வந்தார். பிறகு பல் டாக்டர் ஒருவர், பூக்கடைக்கார அம்மா, ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தூரத்தில் கால் பிடிக்கும். நடையாகப் புறப்பட்ட கூட்டம், பத்து நிமிடத்தில் மைதானம் முழுக்க ஆங்காங்கே நட்டுவைத்தாற்போல நிற்கும்.

ஒருநாள் பையன்கள் அடித்த பந்து ஒன்று உருண்டு வந்து பல் டாக்டரின் காலடியில் நின்றது. அவர் அதைத் திருப்பி அனுப்பாமல் தையற்காரருக்குத் தட்டிவிட்டார். தையற்காரர் பூக்கடை அம்மாவுக்கு. அம்மா புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு லாரி ஓட்டுநருக்கு. பையன்கள் பந்தைக் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு வேறு பந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஓடாம நடந்தே ஆடுற கால்பந்து ஒண்ணு இருக்கு," என்றார் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்கேன் அக்கா. "எப்பவும் ஒரு கால் தரையில இருக்கணும். ஓடினா ஃபவுல். இடுப்புக்கு மேல பந்து போகக்கூடாது. ஆளை இடிக்கக்கூடாது. டாக்டர்கிட்ட நான் கேக்கறேன். ஆனா ரெஃப்ரி ஒருத்தர் வேணுமே."

எல்லோரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள்.

டாக்டர் எல்லோரையும் ஒருமுறை சோதித்துவிட்டுச் சம்மதித்தார். வலித்தால் நிற்க வேண்டும், நெஞ்சில் ஏதாவது பண்ணினால் உடனே உட்கார்ந்து ஆளைக் கூப்பிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு முதல் ஆட்டம். இடது கால்காரர்கள் ஒரு அணி, வலது கால்காரர்கள் ஒரு அணி. இரண்டு காலிலும் தொல்லை உள்ள இருவர் ஆளுக்கொரு பக்கம் கோல்கீப்பர்கள். வலது கால் அணிக்கு ஒரு ஆள் குறைந்தது. "நான் வர்றேன்," என்று ரெஃப்ரியின் மனைவி ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தார். தமக்கு எந்தக் காலிலும் கோளாறு இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டதை இடது கால் அணி எதிர்த்தது. டைம்கீப்பர் தலையிட்டு, நாள் முழுவதும் கடையில் நிற்பவர் என்பதால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

ரெஃப்ரி கறுப்புச் சட்டையை மாட்டியபோது அது கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. நடுவட்டத்தில் போய் நின்று பந்தை வைத்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு விசிலை உதட்டில் வைத்தார். முதல் ஊதலில் காற்றுதான் வந்தது. இரண்டாவதில் மைதானமே திரும்பிப் பார்த்தது.

ஆட்டத்தைப் பார்க்க லீக் பையன்கள் எல்லாம் வந்திருந்தார்கள். சிரிக்கத்தான் வந்தார்கள், ஆனால் பத்து நிமிடத்தில் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் ஓட முடியாது என்பதால் பந்தை யாரிடம் தட்டுகிறோம் என்பதில்தான் சாமர்த்தியம். பூக்கடை அம்மாவுக்கு அது பிறவியிலேயே இருந்தது. அவர் தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கும், பந்து மறுபக்கம் போகும். லாரி ஓட்டுநர் இரண்டு முறை ஏமாந்துவிட்டு, "கை காட்டாம வண்டியைத் திருப்புறாங்க, ரெஃப்ரி," என்று புகார் செய்தார்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது பந்து ரெஃப்ரியின் மனைவியிடம் வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். அவர் நடந்தார். வேகமாக நடந்தார். இன்னும் வேகமாக நடந்தார். பந்து வலைக்குள் போன அதே நொடியில் விசில் ஒலித்தது. ரெஃப்ரி நடந்து வந்து, மனைவியின் முன்னால் நேராக நின்று, மஞ்சள் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"ஓடினே."

"நடந்தேன்."

"ரெண்டு காலும் தரையில இல்ல."

"வீட்டுக்கு வாங்க," என்றார் மனைவி, மெதுவாக.

கூட்டத்தில் சிரித்த சிரிப்பில் டைம்கீப்பர் நிமிடத்தைக் குறிக்க மறந்துபோனார். கோல் செல்லவில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனாக முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆடித் தீர்த்துக்கொள்வது என்று அப்போதே பேசி முடிவாகிவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வழக்குத்தான்.

"உங்களுக்கு நான் பொண்டாட்டி. கோல் போட விட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பீங்க?"

"மைதானத்துல எனக்குப் பொண்டாட்டி கிடையாது. வலது கால் டீம், நம்பர் அஞ்சு."

"நான் மேல்முறையீடு பண்ணுவேன். எங்க அண்ணன் இருக்கார்."

"அந்த மச்சான் எழுதலையாம். சிரிச்சுட்டு இருந்தாராம்."

கடைத்தெரு முடிந்தது, தபால் நிலையம் தாண்டியது, பள்ளிக்கூடத்துச் சுவர் தாண்டியது. எப்படி நடந்தால் நடை, எது ஓட்டம் என்பதை மனைவி நடுத்தெருவில் இரண்டு அடி நடந்து காட்டினார். ரெஃப்ரி அதைப் பார்த்துவிட்டு, இப்போது நடந்ததுதான் நடை, அப்போது நடந்தது இது இல்லை என்றார். பேசிக்கொண்டே போனவர்கள் ஒரு பெட்ரோல் பங்க் எதிரே வந்ததும்தான் நின்றார்கள்.

"என்னங்க, நம்ம வீடு?" என்றார் மனைவி.

வீட்டைத் தாண்டி இரண்டு தெரு வந்திருந்தார்கள்.

"கால் எப்படி இருக்கு?"

ரெஃப்ரி இடது காலைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். "லேசா பிடிக்குது. சும்மா சொல்லல, லேசாத்தான்."

"நிக்கலாமா?"

"நிப்போம்."

இருவரும் பெட்ரோல் பங்கின் சுவரோரமாக நின்றார்கள். வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை. மனைவி ஃபிளாஸ்க்கில் மீதியிருந்த தேநீரை மூடியில் ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"குடிச்சுட்டுச் சொல்லுங்க," என்றார். "நான் ஓடலைதானே?"

ரெஃப்ரி தேநீரை முழுதாகக் குடித்து முடித்தார்.

"நல்ல கோல்தான்," என்றார்.